ஏழு அடுக்கும் ஒரு பானையும்

தம்பி, சும்மா உட்கார்ந்திருக்கிற நேரத்துக்கு ஒரு விடுகதை போடட்டுமா? டாக்டர் வார்டு பார்த்துவிட்டு இங்கே வர எப்படியும் பத்தரை ஆகிவிடும்.

ஏழு தட்டு அடுக்கு, எட்டாவதாகப் பானை. பானை ஊரையெல்லாம் சுற்றிப் பார்க்கும், தன் அடுக்கை மட்டும் பார்த்ததே இல்லை. அது என்ன?

யோசியுங்கள். உங்கள் பக்கம் திரும்பாமல் பேசுகிறேனே என்று தப்பாக நினைக்க வேண்டாம். இந்தப் பட்டை தாடைக்குக் கீழே முட்டுக் கொடுத்து நிற்கிறது. பத்து வாரமாக எனக்கு நேரே எது இருக்கிறதோ அதை மட்டும்தான் பார்க்கிறேன். இப்போது நேரே இருப்பது ஒரு தூண். அதில் 'எச்சில் துப்பாதீர்' என்று எழுதியிருக்கிறது. காலையிலிருந்து அதை நானூறு தடவை படித்துவிட்டேன்.

தெரியவில்லையா? கழுத்து, தம்பி. பானை என்றது தலை, அடுக்கு என்றது கழுத்து எலும்பு. ஏழு இருக்கிறதாம். எனக்கும் பத்து வாரத்துக்கு முன்னால் தெரியாது. கழுத்து என்றால் தலையையும் உடம்பையும் சேர்க்கிற ஒற்றைத் தண்டு, முருங்கைக்காய் மாதிரி, என்றுதான் நினைத்திருந்தேன். இதில் வேடிக்கை என்னவென்றால், இருபது வருடமாக எங்கள் ஊரில் கழுத்துப் பிடிப்புக்கும் முதுகுப் பிடிப்புக்கும் நான்தான் வைத்தியர்.

நீங்கள் கழுத்தைத் தேய்த்துக்கொள்கிறீர்கள். சட்டைக் காலர் உரசுகிற சத்தம் கேட்கிறது. என்ன, நேற்று வண்டியிலிருந்து விழுந்துவிட்டீர்களா? வேகத்தடை தெரியவில்லையா? சரி, சரி. உங்களுக்காக வரவில்லை, சித்தப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்தீர்கள். அப்படியென்றால் என் கதையை அவசியம் கேளுங்கள். கடைசியில் உங்கள் கழுத்துக்கும் ஒரு வழி சொல்கிறேன்.

சுவர் ஓரத்தில் பச்சைப் பாவாடை கட்டி, மடியில் எக்ஸ்ரே உறையோடு ஒருத்தி உட்கார்ந்திருப்பாள் பாருங்கள். என் மகள் முத்தரசி. ஆறாம் வகுப்பு. உங்களையே பார்க்கிறாளா? எல்லோரையும் அப்படித்தான் பார்ப்பாள். கண்டுகொள்ளாதீர்கள்.

என் பெயர் சாத்தையா. மாவு மில் வைத்திருக்கிறேன். ஆனால் ஊரில் என்னை மில்காரன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 'கால்காரர்' என்பார்கள். ஏனென்றால் நான் பிறந்தபோது தலை முதலில் வரவில்லை, கால் முதலில் வந்தது. சில ஊரில் இரட்டைப் பிள்ளை பெற்றவள் சுளுக்கு நீவிவிடுவாள். எங்கள் பக்கம் இது. கால் முதலில் வந்து பிறந்தவன் மிதித்தால் பிடிப்பு விடும். காலையில் மில்லை ஓட்டுவதற்கு முன்னால் வாசலில் இரண்டு பேராவது குப்புறப் படுத்திருப்பார்கள். நான் வலது காலால் மூன்று தடவை மிதிப்பேன். வெற்றிலை பாக்குக்கூட வாங்குவதில்லை. பெருமையை மட்டும் வாங்கிக்கொள்வேன். அதில் நான் தள்ளுபடி கொடுத்ததே இல்லை.

ஆனால் பாருங்கள், இந்தப் பெருமையில் எனக்கு என்ன பங்கு இருக்கிறது? ஒருத்தன் தலைகீழாகப் பிறந்ததற்கு அவனை வண்டியில் வைத்து ஊர்வலம் விட வேண்டுமா? இதை இப்போது கேட்கிறேன். அப்போது யாராவது கேட்டிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

முத்தரசியும் வயிற்றில் கால் கீழே இருந்த பிள்ளைதான். ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். அதனால் ஒரு சந்தேகம் வந்துவிட்டது. நான் நர்ஸம்மாவிடம் போய், "எதும்மா முதல்ல வெளிய வந்துச்சு?" என்று கேட்டேன். "சத்தம்தான்" என்றார்கள். விடவில்லை நான். டாக்டரிடமே கேட்டு, கால்தான் என்று உறுதி செய்துகொண்டேன். என் மச்சான் வேலாயுதம், மனைவியோடு கூடப் பிறந்தவர், அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "வயித்தத் தெறந்து எடுத்த பிள்ளைக்கு ஏது மாப்பிள முன்னு பின்னு? டிபன் பாக்ஸ்ல இருந்து இட்லி எடுக்குற மாதிரிதான்" என்பார். இட்லிக்குக் கால் கிடையாது மச்சான் என்று நான் பதில் சொன்னேன். அதைப் பெரிய பதில் என்று ஒரு வாரம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஐந்து வயதிலிருந்து அவளையும் மிதிக்க விட்டேன். குழந்தைக் கால், பூ மாதிரி இருக்கிறது என்று பொம்பளைகள் அவளிடம்தான் வருவார்கள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன வருடம் பள்ளிக்கூடத்தில் ஜேஆர்சி என்று ஒன்றில் சேர்ந்தாள். முதலுதவி சொல்லிக்கொடுக்கிறார்களாம். நூற்றியெட்டு ஆம்புலன்ஸ் வண்டிக்காரர்கள் வந்து, விழுந்தவரை எப்படித் தூக்க வேண்டும், எப்படித் தூக்கக் கூடாது என்று காட்டினார்களாம். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "அப்பா, கொஞ்சம் படுங்க. உங்க தலையப் பிடிச்சுப் பழகணும்" என்றாள்.

"எந்தலை என்ன தேங்காயா, பிடிச்சுப் பாக்க?" என்றேன்.

அவள் போய் உண்மையாகவே ஒரு தேங்காயை எடுத்துத் தரையில் வைத்து, இரண்டு பக்கமும் கையைக் கொடுத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். பத்து நிமிடம். நான் அதைப் பார்த்து எவ்வளவு சிரித்தேன் தெரியுமா? மில்லுக்கு வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன்.

அதற்கப்புறம் அவள் தொழிலைக் கெடுக்க ஆரம்பித்தாள். வாசலில் யாராவது வந்து படுத்தால், மிதிக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்பாள். "எங்கயாச்சும் விழுந்தீங்களா? கை விரல் மரத்துப்போகுதா?" இரண்டுக்கும் ஆமாம் என்றால் காலை எடுத்து வைக்கவே மாட்டாள். "ஆசுபத்திரிக்குப் போங்க" என்பாள். பிறகு நான் போய் மிதித்து அனுப்புவேன். பரம்பரையில் ஒரே கால், அதுவும் கேள்வி கேட்கிற கால்.

இப்போது விழுந்த கதைக்கு வருகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கூட்டுறவுச் சங்கத்துச் செயலாளர் முதுகைப் பிடித்துக்கொண்டு வந்தார். மூன்று மிதி. எழுந்து நிமிர்ந்து நின்று, "சாத்தையா, இது கால் இல்லப்பா, வரம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் தரையிலேயே இல்லை. அந்த நேரம் பார்த்து என் மனைவி இந்திராணி, "என்னங்க, சாம்பாருக்கு நாலு முருங்கைக்காய் பறிச்சுக் குடுங்க. தொரட்டிக் கம்பு கொல்லையில இருக்கு" என்றாள்.

தொரட்டியா? இந்தக் கால் இருக்கும்போது எனக்குத் தொரட்டியா?

முருங்கை மரத்தில் ஏறக் கூடாது என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். கிளை பார்க்கத்தான் கிளை, உள்ளே பஞ்சு. எனக்கு நாற்பத்து மூன்று வயது, எழுபத்தெட்டு கிலோ. ஏறினேன். ஏறி, அந்த வரம் வாங்கிய காலை ஒரு கிளையில் வைத்தேன். கிளை ஒடிந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. நான் கீழே போய்ச் சேர்ந்த பிறகுதான் கேட்டது போல இருந்தது. துவைக்கிற கல்லின் ஓரத்தில் மண்டை பட்டது.

பிறக்கும்போது கால் முதலில் வந்தவன், தம்பி, விழும்போது தலை முதலில் வந்தேன்.

வலி பெரிதாக இல்லை. அதுதான் மோசம். கழுத்தில் ஏதோ இறுக்கி வைத்த மாதிரி. மல்லாந்து கிடக்கிறேன். அக்கம்பக்கம் எல்லாம் கூடிவிட்டது. நானும் தெளிவாகப் பேசுகிறேன். என்ன பேசினேன் தெரியுமா? "ஒண்ணும் இல்ல, சுளுக்குதான். முத்தரசியக் கூப்பிடு. கழுத்துல ஒரு மிதி மிதிச்சா எந்திரிச்சுருவேன்."

சுளுக்கு விஷயத்தில் ஊரில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. எல்லோரும் வழி விட்டார்கள். அவள் வந்தாள். என் கால் பக்கம் நின்று பார்த்தாள்.

"கை விரல அசைங்கப்பா."

"மொதல்ல மிதிடி."

"அசைங்க."

"அசைச்சுட்டுத்தானே இருக்கேன்."

"அசையல" என்றாள்.

பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். எனக்கு அசைகிற மாதிரிதான் இருந்தது. மச்சான் வேலாயுதம், "அப்பன மிதிக்கப் பிள்ளைக்குக் கூச்சமா இருக்கு, தூக்குங்கப்பா, வண்டியில போட்டுட்டுப் போவோம்" என்று சொல்லி என் தோளுக்குக் கீழே கையைக் கொடுத்தார். நெல் மூட்டை ஏற்றுகிற வண்டி ஒன்று தயாராக வாசலில் நின்றது. ஒருவர் என் வாயில் சோடா ஊற்றக் குனிந்தார். முத்தரசி என்ன செய்தாள்? என் தலைமாட்டில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு முழங்கையையும் தன் தொடையில் ஊன்றிக்கொண்டு, என் தலையை இரண்டு கையாலும் பிடித்தாள். தேங்காயைப் பிடித்தாளே, அதே பிடி.

"யாரும் தொடாதீங்க. நூற்றியெட்டுக்கு அடிங்க."

"விடு பாப்பா" என்று மச்சான் அவள் கையை எடுக்கப் பார்த்தார். அவளுக்குக் கை இரண்டும் வேலையில் இருந்தது. அதனால் கடித்துவிட்டாள். தாய்மாமனை. கையில் பல் பதிந்த அடையாளம் இன்னும் இருக்கிறது. கல்யாணத்துக்குச் சீர் செய்யும்போது இதைக் கழித்துக்கொள்வேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நான் அவளை என்னவெல்லாம் திட்டினேன், கேட்காதீர்கள். பெற்ற அப்பனுக்கு ஒரு மிதி கொடுக்க மாட்டேன் என்கிறாளே என்று ஆற்றாமை. ஊருக்கெல்லாம் மிதித்த கால். அவள் கை என் காதைப் பொத்தியிருந்தது, அதனால் கூட்டம் பேசியதும் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்தது எல்லாம் தலைகீழாக அவள் முகம். அதற்கு மேலே முருங்கை மரம்.

முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி இருக்கும் இல்லையா? ஒன்று அவள் தோளில் விழுந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். தோளிலிருந்து கைக்கு இறங்கியது. அவள் பார்த்தாள். கையை எடுக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டாள். சின்னப் பிள்ளைக்குக் கம்பளிப்பூச்சி என்றால் எப்படி இருக்கும். சரி, நான் தட்டிவிடுவோம் என்று கையைத் தூக்கினேன்.

கை வரவில்லை.

அப்போதுதான், தம்பி, எனக்குப் பயம் வந்தது. அதுவரைக்கும் சுளுக்கு. பூச்சி முழங்கை வரைக்கும் போயிற்று. என் கை வரவே இல்லை. நான் திட்டுவதை நிறுத்தினேன்.

நூற்றியெட்டு வர இருபத்தைந்து நிமிடம் ஆனது. அவர்கள் கழுத்துக்குப் பட்டை போட்டு, பலகையில் கட்டி முடிக்கிற வரைக்கும் அவள் விடவில்லை. பிறகு போய் வாந்தி எடுத்தாளாம். கை புடலங்காய் மாதிரி வீங்கியிருந்ததாம். அந்தக் கையோடுதான் வண்டியில் ஏறினாளாம்.

இங்கே வந்து ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் அருளப்பன், குரலை வைத்துச் சொன்னால் உங்களைவிட ஐந்தாறு வயது கூட இருப்பார், படத்தைத் தூக்கி எனக்கு நேராகக் காட்டினார். "அஞ்சாவது எலும்பு நழுவி ஆறாவது மேல ஏறி முன்னாடி மாட்டிக்கிச்சு. உள்ள தண்டுவடம் நசுங்கியிருக்கு. அறுபடல. இன்னும் ஒரு நூல் நகர்ந்திருந்தா கழுத்துக்குக் கீழ எதுவும் உங்களுது இல்ல" என்றார்.

எனக்குச் சும்மா இருக்க முடியுமா? "டாக்டர், நானும் இந்தத் துறைதான்" என்றேன்.

"அப்படியா? எங்க பாக்குறீங்க?"

"வாசல்ல."

"என்ன முறை?"

"வலது கால்."

அவர் நர்ஸைப் பார்த்தார், நர்ஸ் அவரைப் பார்த்தார். மண்டையில் அடி பலமோ என்று இன்னொரு ஸ்கேன் எழுதினார்.

முதலில் எலும்பை இழுத்து இடத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்றார்கள். காதுக்கு மேலே இரண்டு பக்கமும் மரத்துப்போக ஊசி போட்டு, மண்டையில் திருகு வைத்து, கயிறு கட்டி, கட்டில் தலைமாட்டில் உருளை வழியாக எடைக்கல் தொங்கவிட்டார்கள். ஆயுளெல்லாம் தராசோடு கிடந்தவன், கடைசியில் தராசில் நானே தொங்கினேன். எடுத்த எடுப்பில் முழுக் கல்லையும் போட மாட்டேன் என்கிறார்கள். இரண்டு கிலோ. ஒரு எக்ஸ்ரே. "கை எப்படி இருக்கு? கால் விரல்ல தொடுறது தெரியுதா?" இன்னும் இரண்டு கிலோ. மறுபடி எக்ஸ்ரே. மறுபடி அதே கேள்வி. நான் மூன்று மிதியில் முடிக்கிற வேலைக்கு மூன்று மணி நேரம். பதினான்கு கிலோ வந்தபோது உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு முதல்முறையாக நெற்றியைத் துடைத்தார்.

"இந்தச் சத்தத்தத்தான் நானும் வரவைப்பேன்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "விழுந்து அடிபட்டு, கழுத்துன்னு உங்ககிட்ட வந்தவங்க எத்தன பேரு?" என்று கேட்டார்.

"மூணு பேரு."

"இப்ப எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க டாக்டர்."

சொல்லிவிட்டேன். பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தபோது அந்த மூன்று பேரையும் நினைத்துப் பார்த்தேன். ஒருவர் பக்கத்துத் தெரு, நன்றாகத்தான் இருக்கிறார். இன்னொருவர் திருப்பூர் போய்விட்டார், போன தீபாவளிக்குப் பார்த்தேன். மூன்றாவது ஆள், பனங்காட்டுப் பக்கத்திலிருந்து கைத்தாங்கலாக வந்தவர், அதற்கப்புறம் வரவே இல்லை. குணமானவர் எதற்குத் திரும்பி வரப்போகிறார்? அப்படித்தான். வேறு எப்படி இருக்கும்?

மறுநாள் ஆபரேஷன். கழுத்து எலும்பு பின்பக்கம்தானே இருக்கிறது, முன்பக்கம் அறுக்கிறார்கள், தம்பி. தொண்டைக் குழலை ஓரமாக ஒதுக்கிவிட்டு, இரண்டு எலும்புக்கும் நடுவில் நசுங்கிப்போன மெத்தையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வைக்க இடுப்பிலிருந்து ஒரு துண்டு எலும்பு வெட்டி எடுத்தார்கள். மேலே ஒரு தகடு, நாலு திருகு. ஐந்தும் ஆறும் இனிமேல் ஒரே எலும்பாக ஒட்டிக்கொள்ளுமாம். விடுகதையைக்கூட மாற்ற வேண்டும். எனக்கு ஏழு அடுக்கு இல்லை, ஆறுதான்.

கையெழுத்து வாங்கும்போது என்னென்ன ஆகலாம் என்று படித்துக் காட்டினார்கள். கை கால் வராமலே போகலாம். மூச்சுக் கஷ்டம் வரலாம். குரல் கம்மிப்போகலாம், சிலருக்குக் கொஞ்ச நாள் பேச்சே எழும்பாது. இந்திராணி அழுதுகொண்டேதான் கேட்டாள். ஆனால் அந்தக் கடைசி வரியை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

குரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. நீங்களே கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

நாலாம் நாள் இடது கால் கட்டைவிரல் அசைந்தது. உடம்பில் முதலில் திரும்பி வந்ததும் கால்தான், பார்த்தீர்களா? வார்டு முழுக்கச் சொன்னேன். பிறகு மெல்ல மெல்ல எல்லாம். இப்போது கோல் ஊன்றி நடக்கிறேன். வலது கை மட்டும் இன்னும் முழுசாக வரவில்லை. சட்டைப் பித்தான் போட முடியாது. முத்தரசிதான் போட்டுவிடுகிறாள். ஐந்து பித்தான். ஒவ்வொரு பித்தானுக்கும் என் விரலைத் தொட்டு, "தெரியுதாப்பா?" என்று கேட்பாள். தெரிகிறது என்றால்தான் அடுத்த பித்தான்.

ஸ்கேன் எடுத்த அன்றைக்கே டாக்டர் அவளைக் கூப்பிட்டு, "தலையப் பிடிச்சது நீதானா?" என்று கேட்டார். ஆமாம் என்றாள். "யாரு சொல்லிக் குடுத்தா?" "ஸ்கூல்ல." டாக்டர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த வீங்கின கையை. நான் விடுவேனா? "கால் முதல்ல வந்த பிள்ளை டாக்டர். ராசி கையில எறங்கிருச்சு" என்றேன்.

பிள்ளை என் மேல் காலை வைக்காததற்கு என்ன காரணம் என்று யோசித்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். மரியாதை. பெற்றவனை மிதிக்கலாமா என்று தயங்கியிருக்கிறாள். வளர்ப்பு அப்படி.

சரி, உங்கள் கழுத்துக்கு வருவோம். வழி சொல்கிறேன் என்றேனே. எலும்பு நழுவினால் டாக்டர், சுளுக்கு என்றால் கால். இதுதான் இவ்வளவு பட்டு நான் கற்றுக்கொண்டது. உங்களுக்கு வெறும் சுளுக்குதான், பார்த்தாலே தெரிகிறது. என்ன, விரல் மரத்துப்போகிறதா? இடது கையில் இரண்டு விரலா? அதெல்லாம் நரம்பு இழுத்துப் பிடித்திருக்கும். எனக்குக் காலைத் தூக்கக் கூடாது என்று உத்தரவு, இல்லையென்றால் நானே செய்திருப்பேன். முத்தரசி செய்துவிடுவாள். உங்களிடம் அவளுக்கு என்ன கூச்சம்? நீங்கள் அப்பனா என்ன? இந்த பெஞ்சிலேயே குப்புறப் படுங்கள். ஒரே மிதி. சித்தப்பாவின் சாப்பாடு ஆறுவதற்குள் எழுந்துவிடலாம்.

முத்தரசி. ஏய், முத்தரசி.

இருக்கிறாளா பாருங்கள். என்னால் திரும்ப முடியாது. எக்ஸ்ரே உறை மட்டும் இருக்கிறதா? எங்கே போனாள்? உங்களிடம் ஏதாவது சொன்னாளா? எப்போது? நான் தராசுக் கதை சொல்லும்போதா? கழுத்தை ஆட்டாமல் உட்காருங்கள் என்றாளா? நேராக உட்கார்ந்துதான் இருக்கிறீர்களா, அதனால்தான் காலர் சத்தமே கேட்கவில்லை.

யார் கூப்பிடுவது? அவள் குரல்தான். டாக்டரைப் பார்க்க ஓபி சீட்டு வாங்குகிற வரிசையில் நிற்கிறாளாம். உங்கள் பெயரும் வயதும் கேட்கிறாள்.